"எஞ்சாமி" பாட்டு ஊரெல்லாம் கேட்டது. எழுதியவர் மேடையில் இல்லை!
பாட்டி கதையைப் பாடிய அரக்கோணம் வாலிபருக்கு வந்த சோதனை

மேல்மலையனூர்:-

அமாவாசை ராத்திரி அங்காளம்மன் கோவில் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். பம்பைக்காரர் அடிக்க ஆரம்பித்தால் வாய் சும்மா இருக்காது. அடிக்கு அடி வார்த்தை விழும். அது பாட்டா, பேச்சா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

தாளத்துக்குப் பேசுகிற இந்த மாதிரிப் பாட்டுக்கு அமெரிக்காவில் "ராப்" என்று பெயர். 1973-ல் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், கறுப்பர் இன ஏழை ஜனங்கள் வாழ்ந்த இடத்தில் "ஹிப் ஹாப்" பிறந்தது. தமிழுக்கு அது மலேசியா வழியாக வந்தது. அங்குள்ள "யோகி பி" குழுவினர் 2006-ல் வெளியிட்ட "வல்லவன்" இசைத் தொகுப்பு தமிழ்நாட்டு வாலிபர்களைக் கிறுக்குப் பிடிக்க வைத்தது.

அந்தத் தாளத்தில் சேரிக் கதையைச் சொல்லிப் பேர் வாங்கியவர் பாடகர் அறிவு. முழுப்பெயர் அறிவரசு கலைநேசன். சொந்த ஊர் அரக்கோணம். நம்ம பக்கம் பழைய தென்னாற்காடு என்றால், அது பழைய வட ஆற்காடு. என்ஜினீயரிங் படித்தவர். ஆனால் கையில் பிடித்தது பேனா, பிறகு மைக்!

19 பேர் கொண்ட குழு

டைரக்டர் பா.ரஞ்சித்தும் இசைக் கலைஞர் தென்மாவும் சேர்ந்து "தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்" என்ற குழுவைத் தொடங்கினார்கள். அயோத்திதாச பண்டிதர் சொன்ன "சாதியில்லாத தமிழர்" என்பதில் இருந்து வந்த பெயர் அது. கானா பாடுகிறவர், பறை அடிக்கிறவர், கிட்டார் வாசிக்கிறவர், ராப் பாடுகிறவர் என்று 19 பேர்.

2018 ஜனவரி 6-ந் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. கூட்டம் அலைமோதியது. சாவு வீட்டோடு ஒதுக்கி வைத்திருந்த கானா, மேடை ஏறி மார்தட்டியது. இடஒதுக்கீடு, சாதிக் கொலை எல்லாம் பாட்டாக வந்தது. அந்த மேடையில் ராப் பாடியவர்தான் அறிவு.

அதன்பிறகு சினிமா கூப்பிட்டது. அதே ஆண்டில் ரஜினி நடித்த "காலா"வுக்குப் பாட்டு எழுதினார். 2019-ல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து "தெருக்குரல்" வெளியிட்டார். 2021-ல் விஜய் நடித்த "மாஸ்டர்" படத்தில் "வாத்தி ரெய்டு" பாட்டு. சினிமா காசு வந்ததே, சண்டைப் பாட்டை விட்டுவிட்டாரா? விடவில்லை!

யார் இந்த வள்ளியம்மாள்?

அறிவின் பாட்டி பெயர் வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டுவிட்டு ஊர் திரும்பியவர்.

இங்கிருந்து பஞ்சம் பிழைக்கக் கப்பலேறிப் போனவர்கள் அந்த மலையைத் தோட்டமாக்கினார்கள். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. ஆடு மாடு பங்கு பிரிக்கிற மாதிரிதான்! யாரும் அந்த ஜனங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேயும் நிலம் கிடையாது, இங்கேயும் கிடையாது.

பாட்டி சொன்ன அந்தக் கதைகளும் ஒப்பாரியும் பேரன் மனதில் தங்கிவிட்டன. அதில் வந்ததுதான் "எஞ்சாய் எஞ்சாமி". சந்தோஷ் நாராயணன் இசை. அறிவும் பாடகி தீயும் சேர்ந்து பாடியது. 2021 மார்ச் மாதம் வெளியானது. "என் சாமி" என்பது பாட்டி பேரனைக் கொஞ்சுகிற சொல். பண்ணையாரைக் கூலிக்காரன் கைகட்டிக் கூப்பிட்ட சொல்லும் அதேதான். பாட்டின் காட்சியில் வள்ளியம்மாளும் வருகிறார்.

கல்யாண வீடு, டீக்கடை, டவுன் பஸ் என்று எங்கும் அதே பாட்டு. கோடிக்கணக்கான பேர் கேட்டார்கள்.

படம் எங்கே?

அப்புறம்தான் தகராறு. 2021 ஆகஸ்டில் "ரோலிங் ஸ்டோன்" பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டைப்படம் போட்டது. தீ இருந்தார், கனடா ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார். அறிவு இல்லை. பா.ரஞ்சித் பகிரங்கமாகக் கண்டித்தார். பிறகு அறிவு படத்தோடும் ஒரு அட்டை வந்தது.

அடுத்த ஆண்டு ஜூலை 28-ந் தேதி சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமர், முதல்-அமைச்சர் முன்னிலையில் அதே பாட்டு அரங்கேறியது. தீயோடு பாடியவர் கிடாக்குழி மாரியம்மாள். அப்போதும் அறிவு மேடையில் இல்லை.

சில நாளில் அறிவு மனக்குமுறலை வெளியிட்டார். மெட்டோ, ஒரு வார்த்தையோ யாரும் தனக்குக் கொடுக்கவில்லை, தானே எழுதி, மெட்டுப்போட்டுப் பாடியது என்றார். சந்தோஷ் நாராயணன் உடனே பதில் கொடுத்தார். பேரும் வருமானமும் மூவருக்கும் சமம், விழா நேரத்தில் அறிவு அமெரிக்காவில் இருந்தார் என்பது அவர் விளக்கம். தீயும் அறிவின் பங்கைத் தான் மறைத்ததே இல்லை என்று அறிக்கை விட்டார்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே வீடியோவில் பேசினார். பாட்டு வந்து 3 வருஷம் ஆகிறது, வருமானம் என்று ஒரு பைசா கைக்கு வரவில்லை என்றார். யாருக்குப் பேர் என்று நடந்த சண்டையில், பங்கு போடப் பணமே வந்து சேரவில்லை!

அறிவு பிறகு "அம்பாசா" என்று சொந்தக் குழு அமைத்தார். 2024-ல் அவர் ஒரு இசைத் தொகுப்பு வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் "வள்ளியம்மா பேராண்டி".