‘புரொபேஷன்’: தகுதியா, நடத்தையா?

அரசு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவரை மூத்தவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: “என்னப்பா, புரொபேஷன் டிக்ளேர் ஆயிடுச்சா?” அந்த ஆணை கைக்கு வரும்வரை அவர் வேலையில் இருக்கிறார்; ஆனால் வேலை இன்னும் அவருக்கு உறுதியாகவில்லை. அரசாணைகள் இந்தக் காலத்தைத் ‘தகுதிகாண் பருவம்’ என்கின்றன. அதே ஆங்கிலச் சொல் நீதிமன்றத்துக்குப் போனால் தமிழில் ‘நன்னடத்தை’ ஆகிவிடுகிறது. ஒரு சொல்லுக்கு ஏன் இரண்டு பெயர்?

வேர் எது?

லத்தீனில் ‘புரொபாரே’ என்றால் சோதித்துப் பார்ப்பது. பார்த்தபின் நல்லது என்று ஏற்பதும் அதுவே. ‘நல்ல’ என்று பொருள்படும் ‘புரோபஸ்’ இதன் அடிச்சொல். ‘புரூஃப்’, ‘அப்ரூவல்’ ஆகியவையும் இதே குடும்பம்தான். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், துறவு மடத்தில் சேர வருபவரைச் சோதிக்கும் காலத்துக்கும் வழங்கியது. அங்கே தகுதியும் நடத்தையும் வேறு வேறு அல்ல.

அலுவலகத்தில்

‘காண் பருவம்’ என்பது வினைத்தொகை. கண்ட, காண்கின்ற, காணும் என மூன்று காலமும் அதில் மறைந்திருக்கின்றன. ஆணைக்குக் காத்திருப்பவரின் நிலையும் ஏறக்குறைய அதுதான். எழுதும்போது மூன்று சுழி ‘ண்’ முக்கியம். ‘கான்’ என்றால் காடு.

தமிழ்நாடு அரசுப் பணிகளில் நேரடி நியமனம் பெற்றவர், பொதுவாகத் தொடர்ச்சியான 3 ஆண்டுகளுக்குள் 2 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். விதித்த துறைத் தேர்வுகளிலும் தேற வேண்டும். இல்லையென்றால் பருவம் நீட்டிக்கப்படலாம். நீட்டிப்புக்கும் எல்லை உண்டு. விதியே உச்ச வரம்பு வைத்திருக்க, அதைத் தாண்டியும் ஒருவரைப் பணியில் வைத்திருந்தால் அவர் உறுதி செய்யப்பட்டதாகவே கொள்ளலாம் என்று தரம் சிங் வழக்கில் (1968) உச்ச நீதிமன்றம் கூறியது.

தகுதி போதவில்லை என்றால் விதிப்படி பணியிலிருந்து விடுவிக்கலாம். உண்மைக் காரணம் ஒழுங்கீனப் புகாராக இருந்தால், விசாரணை நடத்தாமல் அனுப்ப முடியாது. ஆணையின் வாசகம் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் அதன் உள்நோக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது சம்ஷேர் சிங் வழக்கின் (1974) சாரம். தமிழ் இரண்டு சொல்லால் பிரித்து வைத்ததைச் சட்டமும் பிரித்தே பார்க்கிறது.

நீதிமன்றத்தில்

1841இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், குடித்ததற்காகத் தண்டனை பெற இருந்த ஒருவருக்கு ஜான் அகஸ்டஸ் என்ற காலணித் தொழிலாளி பிணை நின்றார். மூன்று வாரம் கழித்து அந்த மனிதர் அடையாளமே தெரியாத அளவுக்குத் திருந்தி வந்து நின்றார். சிறைக்குப் பதில் ஒரு சென்ட் அபராதமும் வழக்குச் செலவும் மட்டுமே விதிக்கப்பட்டன. நன்னடத்தை முறையின் தொடக்கமாக இதைச் சொல்வார்கள்.

இந்தியாவில் 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இதற்கு வழி செய்கிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் அல்லாதபோது, குற்றம் நிரூபணமானவரையும் 3 ஆண்டுகளுக்கு மிகாத பிணைப் பத்திரத்தில் விடுவிக்கலாம். தேவைப்பட்டால் அவரை நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் வைக்கலாம். இலங்கைத் தமிழில் இவர் ‘நன்னடத்தை உத்தியோகத்தர்’.

இரண்டும் சந்திக்கும் இடம்

அரசு ஊழியர் ஒருவர் குற்ற வழக்கில் சிக்கி, நன்னடத்தைச் சட்டத்தில் விடுவிக்கப்பட்டால் வேலை தப்புமா? விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. ஆனால் குற்றத்துக்குக் காரணமான நடத்தைக்காகத் துறை நடவடிக்கை எடுப்பதை அது தடுக்காது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சிறை தப்பிய பிறகும் நாற்காலி தப்பும் என்று சொல்வதற்கில்லை.