ஞானப்பல்: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியது

கடைவாய் வீங்கி, வாயை இரண்டு விரல் அகலம்கூடத் திறக்க முடியாமல் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பல் கிளினிக் படியேறுகிறவர்களில் பலர் இருபது வயதுப் பிள்ளைகள். வலி தாங்காமல், பல்லை எடுக்க நீட்டிய ஒப்புதல் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள். கீழ்த்தாடையின் கோடியில் ஞானப்பல் சாய்ந்து படுத்து, பக்கத்துக் கடவாய்ப்பல்லை முட்டிக்கொண்டிருக்கும். அதன் வேருக்கடியில் இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடும். அவற்றுக்கு நடுவேதான் கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு போகிறது. வேர் கடக்கும் இடத்தில் கோடு அறுந்தோ, வேர் கருத்தோ தெரிந்தால் நரம்பு மிக அருகில் இருக்கலாம். அது அடிபட்டால் உதடு மரத்துப்போகும். தேநீர் வழிந்தாலும் தெரியாது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், மாதங்களில் சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் திரும்புவதே இல்லை. அப்படிப்பட்ட பல்லுக்கு முப்பரிமாண ஸ்கேன் எடுக்கலாமா, வேரை விட்டுத் தலையை மட்டும் வெட்டியெடுக்கலாமா என்று கேளுங்கள்.

அடிக்கடி வீக்கம், சீழ், பக்கத்துப் பல்லில் சொத்தை, நீர்க்கட்டி இருந்தால் எடுப்பதே நல்லது. தொந்தரவே தராத பல்லை எடுக்க அவசரம் வேண்டாம். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2000-ஆம் ஆண்டிலேயே இதைச் சொல்லிவிட்டது. எடுக்காவிட்டால் முன்பல் கோணிவிடும் என்ற பயத்துக்கும் உறுதியான ஆதாரம் கிடையாது.

ஆபத்தைச் சொல்வது மருத்துவர் காட்டும் சலுகை இல்லை. 2006 டிசம்பரில், தண்டுவட அறுவைக்குப் பின் முடங்கிப்போன ஒரு பெண்ணின் வழக்கில், முக்கியமான ஆபத்துகளை நோயாளிக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று நம் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல் மருத்துவருக்கும் அதே கடமைதான்.

சிகிச்சை தருபவர் 2018 பல் மருத்துவச் சட்டப்படி பதிவு பெற்றவரா, அவரிடம் நடப்பு ஆண்டுக்கான சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். தவறு நடந்தால் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் புகார் கொடுக்கலாம். பயனீட்டாளர் நடுவர் மன்றம் மருத்துவச் சேவை வழக்கை எடுப்பதில்லை. அங்கே அலைந்து நாளை வீணாக்காதீர்கள். இழப்பீட்டு வழக்குக்குத் தீபகற்பத்தில் பொதுவாக 6 ஆண்டு அவகாசம். அரசு மருத்துவமனை என்றால் 36 மாதம்தான். எக்ஸ்ரே நகலையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

பல் எடுத்த பிறகு வீக்கம் கழுத்துக்கு இறங்கி, எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே 999-ஐ அழையுங்கள்.