ஆர்ஸ் பங்குத்தந்தை போட்ட கையெழுத்து



எருசலேமிலிருந்து வந்த குருக்களும் லேவியரும் திருமுழுக்கு யோவானிடம், நீர் யார் என்று கேட்கிறார்கள். தாம் யார் அல்ல என்பதைத்தான் அவர் முதலில் சொல்கிறார். மெசியா அல்ல, எலியா அல்ல, வரவேண்டிய இறைவாக்கினரும் அல்ல. அதன்பிறகே, பாலைநிலத்தில் ஒலிக்கும் ஒரு குரல் என்று தம்மை அறிமுகம் செய்கிறார். நம்மில் பலர் இந்தப் பதிலின் முதல் பாதியோடு நின்றுவிடுகிறோம். அண்ணனைப் போல் படிப்பு வரவில்லை, எதிர்வீட்டுப் பெண்ணைப் போல் சாமர்த்தியம் இல்லை என்று 'அல்ல'க்களை மட்டும் அடுக்குகிறோம். அதைத் தாழ்ச்சி என்றும் எண்ணிக்கொள்கிறோம்.

வீடு மந்திரிக்கப் போகும்போது, பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டே, "சாமி, இவனுக்கு மூளையே கிடையாது, நல்லா ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லும் தாய்மார்கள் உண்டு. பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

பங்குத்தந்தையரின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னிக்கும் 'மூளை இல்லை' என்றுதான் பெயர். 1786-இல் பிரான்ஸ் நாட்டில் லியோன் நகருக்கு அருகே உழவர் குடும்பத்தில் பிறந்தவர். ஏறக்குறைய இருபது வயதில்தான் லத்தீன் படிக்கத் தொடங்கினார். அது தலையில் ஏறவே இல்லை. அக்காலத்தில் குருமடத்துப் பாடங்கள் எல்லாம் லத்தீனில்தான். பாடம் புரியாததால் லியோன் குருமடத்திலிருந்து அனுப்பப்பட்டார். எக்குல்லி பங்கின் பங்குத்தந்தை விடாமல் கற்றுக்கொடுத்து, அவருக்காக வாதாடியதால் 1815-இல் ஒருவழியாகக் குருவானார். 1818-இல் ஆர்ஸ் என்ற சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். அங்கே இருந்தது ஏறத்தாழ 230 பேர்.

சில ஆண்டுகளில் அந்த ஊருக்குப் பாவசங்கீர்த்தனம் செய்ய மக்கள் திரள் திரளாக வந்தார்கள். அண்டைப் பங்குக் குருக்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. போதிய படிப்பில்லாத இவர் ஆன்மாக்களை வழிநடத்தலாமா என்று ஆயருக்கு ஒரு மனு எழுதிச் சுற்றுக்கு விட்டார்கள். அது தவறுதலாக வியான்னியின் கையிலேயே வந்து சேர்ந்தது என்றும், அவர் படித்துப் பார்த்து, தாமும் கையெழுத்திட்டு அனுப்பினார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

தாழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாக இதைப் பிரசங்கங்களில் அடிக்கடி சொல்கிறோம். அதோடு நிறுத்திவிடுவது சரியல்ல என்று தோன்றுகிறது. ஏனெனில் இதே மனிதர் தம் பங்கைவிட்டு ஓடிப்போகவும் முயன்றார், அதுவும் ஒருமுறை அல்ல. பங்குப் பணிக்குத் தாம் தகுதியற்றவர், ஏதாவது துறவு மடத்தில் ஒதுங்கித் தம் பாவங்களுக்காக அழவேண்டும் என்ற எண்ணம் அவரைக் கடைசிவரை வாட்டியது. தம் குறையை ஒத்துக்கொண்டு கையெழுத்திடுவது அவருக்கு எளிதாக இருந்தது. ஒரு நாளில் பதினைந்து, பதினாறு மணி நேரம் அமர்ந்து, உடைந்த உள்ளங்களின் வேதனையைக் கேட்கும் கொடை தமக்கு இருக்கிறது என்று ஒத்துக்கொள்வதுதான் கடினமாக இருந்தது. நமக்கும் அப்படித்தான். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது. "இது எனக்குத் தரப்பட்டிருக்கிறது" என்றால், தாலந்து உவமையில் வருவதுபோல் கணக்குக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "நான் இப்படித்தான்" என்று குடிக்கும் கோபத்துக்கும் சமாதானம் சொல்வது தன்னை ஏற்பது ஆகாது. பாவத்துக்கு மனமாற்றம் வேண்டும். லத்தீன் வராததற்கு மனமாற்றம் தேவையில்லை. கறுப்பாய்ப் பிறந்ததற்கும், குட்டையாய் இருப்பதற்கும், பேச்சு திக்குவதற்கும் தேவையில்லை. இந்த இரண்டையும் நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம். மாறவேண்டியதை விட்டுவிட்டு, மாற்ற முடியாததற்காக நம்மை நாமே வெறுக்கிறோம்.

1853-ஆம் ஆண்டு ஓர் இரவில் வியான்னி மறுபடியும் புறப்பட்டார். செய்தி பரவி, கோயில் மணி அடிக்க, ஊர் விழித்துக்கொண்டது. மக்கள் வழிமறித்து நின்று கெஞ்சினார்கள். அவர் திரும்பி வந்து, கோயிலுக்குள் நுழைந்து, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் அமர்ந்தார். 1859 ஆகஸ்ட் 4-இல் இறக்கும்வரை ஆர்ஸ் ஊரின் பங்குத்தந்தையாகவே இருந்தார்.