எட்டுக் கால் பொருந்தினால் போதுமா?

1960களில் அமெரிக்காவில் விற்பனையான ஃபிஷர் 500-சி ரிசீவரில் 7591 என்ற பவர் வால்வு இருக்கும். அதன் அடிப்பாகமும் புகழ்பெற்ற 6எல்6 வால்வின் அடிப்பாகமும் ஒரே அமைப்பு, எட்டுக் கால். ஒன்றின் சாக்கெட்டில் மற்றது சிக்கலின்றி இறங்கும். ஹீட்டர் கால்களும் 2, 7 என ஒத்துப்போவதால் வால்வு அழகாக எரியவும் செய்யும். வம்பு 5, 8ஆம் கால்களில் இருக்கிறது. 6எல்6இல் 5 கட்டுப்பாட்டு கிரிட், 8 கேத்தோடு. 7591இலோ 5 கேத்தோடு, 8 ஸ்கிரீன் கிரிட். ஸ்கிரீனுக்கென்று வைத்த பல நூறு வோல்ட், மாற்றிச் செருகிய 6எல்6இன் கேத்தோடில் போய் ஏறும். ஆகவே இரண்டு வால்வுகளின் தரவுத்தாள்களையும் அருகருகே வைத்து, கால் காலாகச் சரிபார்த்துவிட்டுத்தான் செருக வேண்டும்.

கால்கள் ஒத்துப்போனாலும் தப்பித்துவிட்டதாக எண்ண வேண்டாம். 1959இல் வந்த டைனாகோ ஸ்டீரியோ 70 ஆம்ப்பில் நான்கு ஈஎல்34 உண்டு. 25 வாட் வெப்பம் தாங்கும் ஈஎல்34க்குப் பதில் 35 வாட் தாங்கும் 6550 போட்டால் ஒலி கூடும் என்று ஆசைப்படுவோர் பலர். கூடாது, ஒலியின் அளவை மின்னழுத்தமும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருமே தீர்மானிக்கின்றன. ஹீட்டருக்கு மட்டும் ஒவ்வொரு வால்வும் 0.1 ஆம்பியர் கூடுதலாகக் கேட்கும். அதைவிட முக்கியம் கிரிட் ரெசிஸ்டர். சூடான வால்வின் கிரிட்டில் மிகச் சிறு மின்னோட்டம் கசியும். ரெசிஸ்டர் பெரிதாக இருந்தால் அந்தக் கசிவே கிரிட்டின் எதிர்மறை மின்னழுத்தத்தை, அதாவது பயாஸைக் குறைத்துவிடும். வால்வு மேலும் இழுக்கும், மேலும் சூடேறும், மேலும் கசியும். இந்த ஆம்ப்பில் இருப்பது 270 கிலோ ஓம். ஈஎல்34 அதைத் தாங்கும். நிலையான பயாஸில் 6550க்குத் தரவுத்தாள் அனுமதிப்பது 50 கிலோ ஓம்தான்.

அதே எண்ணுள்ள வால்வை மாற்றினாலும் பயாஸைப் பார்த்தே ஆக வேண்டும். ஸ்டீரியோ 70இல் ஒவ்வொரு ஜோடி வால்வுக்கும் 15.6 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. அதன் குறுக்கே 1.56 வோல்ட் வந்தால் ஜோடிக்கு 100 மில்லியாம்பியர். ஜோடியின் இரண்டு வால்வுக்கும் ஒரே பயாஸ் திருகு என்பதால் ஜோடி பொருத்தம் பார்த்து வாங்குவது அவசியம். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்ப்பை இயக்காதீர்கள். வால்வுக்குள் இருக்கும் பிளேட் சிவந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகும் கெபாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். மீட்டரில் அளந்து பார்த்த பிறகே உள்ளே கைவையுங்கள்.

ஸ்டீரியோ 70 வைத்திருப்பவருக்கு என் யோசனை, ஈஎல்34 இடத்தில் ஈஎல்34தான். ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் அது இன்றும் புதிதாகத் தயாராகிறது.