ராப்பகல் அறியாத பிள்ளை

1953ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தின் நதானியேல் கிளைட்மேனும் அவருடைய சக ஆய்வாளர் எங்கெல்மேனும் ஒரு வரைபடத்தை வெளியிட்டார்கள். ஒரே ஒரு குழந்தையின் தூக்கக் கணக்கு அது. பிறந்த 11ஆம் நாளில் தொடங்கி 182ஆம் நாள் வரை, நாளுக்கு ஒரு வரி. தூங்கிய நேரத்துக்குக் கோடு, விழித்திருந்த நேரத்துக்கு இடைவெளி, பால் குடித்த வேளைக்குப் புள்ளி. அந்தக் குழந்தையை யாரும் மணி பார்த்துத் தூங்க வைக்கவில்லை, மணி பார்த்து எழுப்பவும் இல்லை. பசித்தபோது பால், வந்தபோது தூக்கம்.

மேல் வரிகளில் எந்த ஒழுங்கும் கண்ணுக்குப் படாது. பொரியை வாரி இறைத்ததுபோல் கோடுகள் சிதறிக் கிடக்கும். சில வாரங்கள் கடந்ததும் நீளமான கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேரத் தொடங்குகின்றன. ஆனால் செங்குத்தாக நிற்காமல், நாளுக்கு நாள் வலப்பக்கமாகச் சாய்கின்றன. நேற்று தூங்கிய நேரத்துக்குக் கொஞ்சம் தள்ளி இன்று, அதற்கும் தள்ளி நாளை. அந்தக் குழந்தையின் ‘ஒரு நாள்’ 24 மணி நேரத்தைவிடச் சற்று நீண்டிருந்தது. அதனால் அதன் நீண்ட தூக்கம் சில நாள் இரவில் விழும், சில நாள் நட்டநடுப் பகலில் விழும். இன்னும் கீழே வந்தால்தான் சாய்வு நின்று, கோடுகள் இரவுக்குள் வந்து திரள்கின்றன.

நம் வீடுகளில் “பிள்ளைக்கு ராப்பகல் மாறிப்போச்சு” என்பார்கள். அப்போது பேச்சு தாயின் பக்கம் திரும்பும்: பகலில் தூங்கவிட்டதால்தான், தூக்கியே பழக்கியதால்தான் என்று. இந்த வரைபடத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். பிள்ளைக்கு எதுவும் மாறிப்போகவில்லை. மாறுவதற்கு இரவும் பகலும் அதன் உடம்பில் இன்னும் உருவாகவே இல்லை.

நம் மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். கருப்பையில் இருக்கும்போதே இது உருவாகிவிடுகிறது. ஆனால் அங்கே அது தன்னந்தனியாக ஓடுவதில்லை. இருட்டியதும் தாயின் உடலில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன், நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போய்ச் சேர்கிறது. அம்மாவுக்கு இரவென்றால் பிள்ளைக்கும் இரவு. பிறந்து கொடியை அறுத்ததும் அந்தச் செய்தி நின்றுபோகிறது. குழந்தை தன் மெலடோனினைத் தானே ஏற்ற இறக்கத்தோடு சுரக்கத் தொடங்க இரண்டு, மூன்று மாதம் ஆகும். அதுவரை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கினாலும், அந்தத் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும்.

கொடி வழியே நின்ற செய்தி பால் வழியே கொஞ்சம் தொடர்கிறது என்பது எனக்குப் பெரிய வியப்பு. இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் மெலடோனின் இருக்கிறது. பகல் பாலில் அநேகமாக இல்லை. வேலைக்குப் போகும் அம்மாக்கள் பாலைப் பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைக்கும்போது பாட்டிலில் தேதியோடு நேரத்தையும் எழுதி, இரவுப் பாலை இரவுக்கும் பகல் பாலைப் பகலுக்கும் கொடுப்பது நல்லது. முடியாவிட்டால் கவலை வேண்டாம். எந்த வேளைப் பாலும் பால்தான்.

பாலைவிட வலுவான செய்தி வெளிச்சம். நம் விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல், வெளிச்சத்தின் அளவைத் தலைமைக் கடிகாரத்துக்குச் சொல்வதற்கென்றே தனி அணுக்கள் உண்டு. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு குழந்தையைச் செயற்கை விளக்கில்லாமல், சூரிய வெளிச்சத்தில் மட்டும் வளர்த்துக் கவனித்தார்கள். அதன் உடல் வெப்பம் முதல் வாரத்திலேயே பகலிரவுக்கு ஏற்ப ஏறி இறங்கத் தொடங்கியது. விழிப்பு 45ஆம் நாள் வாக்கிலும் தூக்கம் 56ஆம் நாளுக்குப் பிறகும் ஒழுங்குக்கு வந்தன. இன்னொன்று: 60 நாள் ஆகும்வரை சூரியன் மறையும் நேரத்தை ஒட்டித் தூங்கிய குழந்தை, அதற்குப் பிறகு வீட்டார் படுக்கும் நேரத்தை ஒட்டித் தூங்க ஆரம்பித்தது. முதலில் வானம், பிறகு குடும்பம்.

2004இல் இங்கிலாந்தில் இவோன் ஹாரிசன் செய்த ஆய்வும் இதே திசையைத்தான் காட்டுகிறது. இரவில் நன்றாகத் தூங்கிய குழந்தைகள், பகல் 12 முதல் 4 மணிவரையில் மற்றக் குழந்தைகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வெளிச்சத்தில் இருந்திருக்கிறார்கள்.

பிரசவம் ஆகி வந்த தாயையும் பிள்ளையையும் காற்றுப்படக் கூடாதென்று சன்னல் சாத்திய அறையில் வைக்கும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. அதே அறையில் இரவு இரண்டு மணிக்குப் பால் கொடுக்க டியூப்லைட்டைப் போடுகிறோம். பகலில் இருட்டு, இரவில் வெளிச்சம் என்று பிள்ளையின் கடிகாரத்துக்கு நேர்மாறான பாடம் நடக்கிறது. பகலில் சன்னலைத் திறந்துவிடுங்கள். பகல் தூக்கத்துக்காக வீட்டை இருட்டாக்க வேண்டாம். மிக்சி ஓடட்டும், பேச்சு நடக்கட்டும். இரவில் மங்கலான விடிவிளக்கு போதும். பால் கொடுக்கும்போதும் துணி மாற்றும்போதும் கொஞ்சாமல், பேசாமல் முடித்துவிடுங்கள்.

இனி அந்தத் தூக்கத்தையே கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மூடிய இமைக்குள் கருவிழி ஓடும். உதடு குவிந்து பால் குடிக்கும். திடீரென ஒரு சிரிப்பு, உடனே உதடு பிதுங்கி ஒரு சிணுங்கல். ஒரு விரல் மட்டும் சுண்டும். “நரி விரட்டுது” என்று பாட்டிகள் சொல்வது இதைத்தான். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறையப் பாதி இப்படிப்பட்ட சலனத் தூக்கம். பெரியவர்களுக்கு இது கால்பங்குதான். அயோவா பல்கலைக்கழகத்தின் மார்க் பிளம்பெர்க் எலிக்குஞ்சுகளில் இந்தத் துடிப்புகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அந்த உறுப்பிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது என்றும், மூளை தன் உடம்பை இப்படித்தான் படித்துக்கொள்கிறது என்றும் அவர் சொல்கிறார். ஆகவே சிணுங்கியதும் பாய்ந்து தூக்க வேண்டாம். சற்றுப் பொறுத்துப் பார்த்தால், பல நேரம் அது விழிக்கவே இல்லை என்பது தெரியும்.

தோளில் தூங்கிய பிள்ளை பாயில் கிடத்தியதும் வீறிடுவது எல்லா வீட்டிலும் நடப்பது. ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் குமி குரோடாவின் குழு, குழந்தைகளின் இதயத் துடிப்பைப் பதிவு செய்தபடியே இதை ஆராய்ந்து 2022இல் முடிவை வெளியிட்டது. முதுகு படுக்கையில் படும்போது அல்ல, தாயின் உடம்பை விட்டுப் பிரியத் தொடங்கும்போதே துடிப்பு கூடிவிடுகிறது. அவர்கள் சொல்லும் வழி எளிது: அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் 5 நிமிடம் நடங்கள். தூங்கியதும் உடனே கிடத்தாமல், மடியிலேயே வைத்து 5 முதல் 8 நிமிடம் உட்காருங்கள். தூக்கம் ஆழ்ந்த பிறகு கிடத்துங்கள். கையை மெல்லத் தூக்கிவிட்டால் தொய்ந்து விழுகிறதா என்று பார்த்தாலே ஆழ்ந்துவிட்டது தெரியும்.

தூங்கிய பிறகு எடுத்துக் கிடத்துவது தூளிக்கும் பொருந்தும். ஆட்டம் பிள்ளையைத் தூங்க வைக்கும், உண்மை. ஆனால் தூளிக்குள் உடம்பு வளைந்து முகவாய் மார்பில் அழுந்தினால் மூச்சுக்குத் தடை. தூங்கிய பிறகு எடுத்து, சமமான, அமுங்காத படுக்கையில் மல்லாக்கப் போடுவதே பாதுகாப்பு. தலையணையோ, முகத்தின் அருகே துணியோ வேண்டாம். அமெரிக்காவில் 1994இல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி இயக்கம் தொடங்கிய பின், காரணம் தெரியாத திடீர்ச் சிசு மரணங்கள் பாதியாகக் குறைந்தன.

மூன்றாம் மாதத்துக்குப் பிறகு ஒரு வழக்கத்தைக் கொண்டுவரலாம். குளியல் அல்லது உடம்பைத் துடைத்துவிடுதல், பால், மங்கலான விளக்கு, ஒரு தாலாட்டு. மணி சற்று முன்பின் ஆகலாம். வரிசை மாறாமல் இருந்தால் அடுத்து என்ன வரும் என்று பிள்ளைக்குப் பிடிபடும். அப்போதும் விடிய விடியத் தூங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கனடாவில் 2018இல் வெளியான ஆய்வில், 6 மாதக் குழந்தைகளில் 38 சதவீதமும் ஒரு வயதுக் குழந்தைகளில் 28 சதவீதமும் தொடர்ந்து 6 மணி நேரம்கூடத் தூங்கவில்லை. அதனால் அவர்கள் வளர்ச்சியில் எந்தக் குறையும் காணப்படவில்லை.

இந்த மாதங்களில் உண்மையில் தூக்கம் இழப்பது தாய்தான். பால் கொடுக்க அவள் வேண்டும். ஏப்பம் வரும்வரை தோளில் போட்டுத் தட்ட, ஈரத்துணி மாற்ற, அந்த ஐந்து நிமிடம் நடக்க, மடியில் வைத்து எட்டு நிமிடம் உட்கார அப்பா போதும். மாமியாரும் அம்மாவும் வீட்டில் இருந்தால் விடியற்காலை முறையை அவர்களிடம் விட்டுவிட்டு, தாய் தொடர்ந்து நான்கு மணி நேரமாவது தூங்கட்டும்.