ஏரி வற்றுமுன்

பெங்களூரிலிருந்து ஜோலார்பேட்டை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், குப்பத்திற்குச் சற்று முன்னர் வரும் சிறிய நிலையம் குடுபல்லி. சித்தூர் மாவட்டத்தின் இந்த மூலை பாலாற்றின் மேற்படுகையைச் சார்ந்தது. தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் புழங்கும் எல்லைப்புறமும் கூட. இத்தகைய வறண்ட மேட்டுநிலத்துச் சிற்றேரிகள் மழையை நம்பியே இருப்பவை. ஐப்பசியில் நிரம்பினால் கோடையில் வற்றிவிடும். இடைப்பட்ட சில மாதங்களே மீன் வளர்ப்போருக்குக் கிடைக்கும் அவகாசம்.

இவ்வகை ஏரிகளில் பெரிதும் விடப்படுபவை கட்லா, ரோகு, மிர்கால் என்னும் பெருங்கெண்டைகள். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு இடைமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடுவதால் அவற்றுக்குள் போட்டி குறைவு. ஆனால் இவை தேங்கிய நீரில் தாமாக இனப்பெருக்கம் செய்வதில்லை. முன்னாளில் ஆறுகளில் குஞ்சு பிடித்து வந்தே ஏரிகளில் விடவேண்டியிருந்தது. 1957 ஜூலை 10 அன்று ஹிராலால் சௌத்ரி, பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்தார். அந்நாளையே தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். இன்று குஞ்சு பொரிப்பகங்களில் பணம் கொடுத்தால் குஞ்சு கிடைக்கிறது. அந்தப் பணம் எப்போது கைக்கு வருகிறது என்பதில்தான் சிக்கல்.

சிறு குஞ்சுகளின் விலை குறைவு. ஆயினும் அவற்றுள் பல, ஏரியில் ஏற்கெனவே இருக்கும் விராலுக்கு இரையாகும். 100 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்த குஞ்சுகள் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கும். ஏரி வற்றுமுன் விற்கத்தக்க எடையையும் எட்டும். கையில் பணமில்லாத குத்தகைதாரர் மலிவான குஞ்சையே, அதுவும் தாமதமாக, வாங்குகிறார். இந்தச் சிக்கனம் பெருஞ்செலவில் முடிகிறது என்பதே நம் கருத்து.

அறுவடையிலும் நெருக்கடி உண்டு. பயிருக்கு மதகைத் திறக்கவேண்டும் என்பார் உழவர். இன்னும் ஒரு மாதம் நீர் நிற்கட்டும் என்பார் மீன் குத்தகைதாரர். பாசன உரிமையே முந்தியது, அதில் வழக்கில்லை. சுற்றுவட்டார ஏரிகள் ஒருசேர வற்றும்போது மீனும் ஒருசேரச் சந்தைக்கு வந்து விலை சரியும். தை, மாசியிலேயே பெரிய மீன்களைச் செவுள்வலையிட்டுப் பிடித்து விற்பவர் இந்நட்டத்திலிருந்து ஓரளவு தப்புகிறார். எஞ்சிய மீன்களுக்கும் இரையும் இடமும் கூடுகின்றன.

உழவர் கடன் அட்டை 2018-19 முதல் மீன் வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. குஞ்சு, தீவனம், பிடிப்பு, விற்பனை ஆகியவற்றுக்கான நடைமுறை மூலதனத்தை இதன்வழி பெறலாம். நிர்ணயிக்கப்பட்ட வரம்புக்குள் 7 விழுக்காடாக உள்ள வட்டி, தவணை தவறாது செலுத்துவோருக்கு 4 விழுக்காடாகக் குறையும். சொந்தக் குளம் வேண்டுமென்பதில்லை; குத்தகைக்கு எடுத்த ஏரியும் ஏற்கப்படும். சுய உதவிக் குழுக்களும் விண்ணப்பிக்கலாம். குத்தகை ஆவணத்துடன் ஆடி மாதத்திலேயே கிளையை அணுகினால், ஏரியில் நீர் சேரும் வேளையில் குஞ்சு வாங்கும் பணம் கையிலிருக்கும்.