சேர்ந்து மிதித்தால் தூரம் குறையும்!

(எழுதியவர்: 9-ஆம் வகுப்பு மாணவி)



சைக்கிள் நம் எல்லோருக்கும் தெரிந்த வண்டிதான். கடைக்குப் போக, தண்ணிக்குடம் வைத்துத் தள்ள, ஆட்டுக்குத் தழை கட்டிவர என்று எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனால் சைக்கிள் ஓட்டியே பிறருக்கு உதவவும் முடியும். போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் ஒன்பது மாணவிகளும் அறிவியல் டீச்சரும் சேர்ந்து நிதி திரட்டும் சைக்கிள் பயணம் போனோம். "அது என்னத்தா பயணம்? எம்புட்டு பரிசு குடுத்தாக?" என்று ஊரில் பலரும் கேட்டார்கள். அது பந்தயமே இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

1. நிதி திரட்டும் பயணம் என்றால் என்ன?

பந்தயத்தில் முதலில் வருபவருக்குப் பரிசு. இதில் முதல், கடைசி எதுவும் கிடையாது. பயணம் போவதற்கு முன்பே தெரிந்தவர்களிடம் போய், "நாங்கள் இந்தக் காரியத்துக்காக இத்தனை கிலோமீட்டர் ஓட்டப் போகிறோம். ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஓட்டி முடித்த பிறகுதான் பணம் வாங்க வேண்டும். பாதியில் நின்றால் பாதிப் பணம்தான்!

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980-ஆம் ஆண்டு பில்லி ஸ்டார் என்பவர் இப்படி ஒரு பயணத்தைத் தொடங்கினார். அவருடைய அம்மா புற்றுநோயால் இறந்தவர். முதல் வருடம் 36 பேர் ஓட்டி 10,200 டாலர் சேர்த்துப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். அந்தப் பயணம் இன்றும் ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் நடக்கிறது. இதுவரை சேர்ந்த தொகை நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. 36 பேரில் ஆரம்பித்தது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த செய்தி.

2. எங்கள் கணக்கு

சனிக்கிழமை எங்கள் ஊரிலிருந்து திருச்சுழி வரை போய்வர 24 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை சுற்றியுள்ள கண்மாய்க்கரை ஊர்கள் வழியாக 18 கிலோமீட்டர். மொத்தம் 42 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 1 ரூபாய் வீதம் 31 பேரும், 2 ரூபாய் வீதம் 7 பேரும் தருவதாகச் சொன்னார்கள். ஆக 1302 + 588 = 1890 ரூபாய். பலசரக்குக் கடை அண்ணாச்சி, பூ கட்டும் அக்காமார், எங்கள் தாத்தாமார் என்று எல்லோரும் அதில் உண்டு. ஒரு ரூபாய்தானே என்று யாரையும் குறைவாக நினைக்கக் கூடாது. 42 கிலோமீட்டரில் அது 42 ரூபாய் ஆகிவிடுகிறது.

3. பணம் எதற்கு?

இதுதான் முக்கியமான விஷயம். எங்கள் ஊருக்கு உள்ளே பஸ் வராது. மெயின் ரோட்டுக்கு வந்துதான் ஏற வேண்டும். பஸ்ஸை விட்டால் வெயிலில் நடைதான். அரசு நமக்கு விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறது. 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்குத் தொடங்கிய அந்தத் திட்டம், 2005-06 முதல் எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. ஆனால் அது 11-ஆம் வகுப்புக்கு வந்த பிறகுதான் கைக்கு வரும். அதுவரை? 6-ஆம் வகுப்பில் இருந்து 10-ஆம் வகுப்பு வரை ஐந்து வருடம் இருக்கிறதே! "தூரமா இருக்கு, பொட்டப்புள்ள தனியா எப்படிப் போகும்" என்று நிறுத்தப்படுவது அந்த ஐந்து வருடத்தில்தான்.

பீகார் மாநிலத்தில் 2006-இல் 9-ஆம் வகுப்பில் சேரும் மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். அதனால் என்ன பலன் என்று கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடியிருந்தார்கள். பள்ளியில் இருந்து 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். ஒரு சைக்கிள் படிப்பை நிற்காமல் காப்பாற்றும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நம் ஊர் வீடுகளில் ஓடாத சைக்கிள்கள் நிறையக் கிடக்கின்றன. அண்ணன் 11-ஆம் வகுப்பில் வாங்கியது, டயர் வெடித்து மாட்டுக்கொட்டகையில் சாய்ந்து நிற்கும். அப்படி மூன்று சைக்கிள்களைக் கேட்டு வாங்கினோம். 1890 ரூபாயில் அவற்றுக்கு டயர், டியூப், பிரேக் கட்டை, செயின் போட்டோம். சைக்கிள் கடை மாமா சாமான் விலை மட்டும் வாங்கிக்கொண்டு கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 6-ஆம் வகுப்புத் தங்கைகள் மூன்று பேர் இப்போது அதில்தான் பள்ளிக்கு வருகிறார்கள்.

4. குழுவாக ஓட்டுவது எப்படி?

தனியாக ஓட்டுவது வேறு, பத்து பேர் சேர்ந்து ஓட்டுவது வேறு. நாங்கள் வைத்துக்கொண்ட விதிகள்:

* இடது ஓரமாக ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். ஜோடி போட்டுப் பேசிக்கொண்டு போகக் கூடாது.
* முன்னால் ஒருவர் வழிகாட்டி. கடைசியில் ஒருவர் காவல். கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது.
* முன்னால் போகிறவர் "குழி!" என்றால் ஒவ்வொருவரும் பின்னால் இருப்பவருக்குச் சொல்ல வேண்டும். பின்னால் லாரி வந்தால் கடைசி ஆள் "வண்டி!" என்பார். அது முன்னால் போக வேண்டும்.
* இருப்பதிலேயே மெதுவாக ஓட்டுபவரின் வேகம்தான் எல்லோருடைய வேகமும்.

கடைசி விதிதான் ரொம்பக் கஷ்டம். எங்கள் குழுவில் ஒரு 7-ஆம் வகுப்புப் பிள்ளை அப்பாவுடைய பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு வந்தாள். அவளை வழிகாட்டிக்கு அடுத்து இரண்டாவதாக விட்டோம். பின்னால் விட்டால் முன்னால் போகிறவர்களைப் பிடிக்கவே பாடுபட வேண்டும். முன்னால் விட்டால் அவள் வேகத்துக்கு மற்றவர்கள் தானாகவே வந்துவிடுவோம்.

5. ஆடிக்காற்றும் அறிவியலும்

திருச்சுழிக்குப் போகும்போது மேல்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. மிதிக்கவே வேண்டியதில்லை. குண்டாற்றுக் கரையில் இருக்கிற, 1879-இல் ரமண மகரிஷி பிறந்த ஊர் அது. பூமிநாதர் கோயில் வாசலில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். அப்போதுதான் தெரிந்தது காற்றின் பலம்! நாம் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம், எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வருகிறது என்றால் நம் முகத்தில் 27 கிலோமீட்டர் வேகக் காற்று மோதும். வேகம் கூடக் கூடக் காற்றின் தடையும் பலமடங்கு கூடும்.

இதற்கு ஒரு வழி உண்டு. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார். அவருக்கு நெருக்கமாகப் பின்னால் வருபவருக்குத் தடை குறையும், களைப்பும் குறையும். முன்னால் இருப்பவர் மட்டும் எவ்வளவு நேரம்தான் காற்றை வாங்குவார்? அதனால் ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் ஆள் மாற்றினோம். பெரிய சைக்கிள் பந்தய வீரர்கள் செய்வதும் இதுவேதான். ஆனால் முன் சக்கரத்தை உரசும் அளவுக்கு ஒட்டிப் போகக் கூடாது. பிரேக் பிடித்தால் விழுந்துவிடுவோம்.

6. முள்ளும் தாகமும்

நம் காட்டில் சீமைக்கருவேல முள் இல்லாத பாதை எது? இரண்டு நாளில் எங்களுக்கு நான்கு பஞ்சர். டியூப்பைக் கழற்றி, காற்றடித்து, வாளித் தண்ணீரில் அமுக்கினால் முட்டை முட்டையாக வரும் இடம்தான் ஓட்டை. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, கொஞ்சம் காயவிட்டு ஒட்டு போட வேண்டும். டியூப்பை உள்ளே வைப்பதற்கு முன்னால் டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவிப் பார்ப்பது அவசியம். முறிந்த முள் நுனி அங்கேயே இருந்தால் பத்தடி போவதற்குள் மறுபடியும் பஞ்சர்தான்.

வெயிலுக்குக் காலை 6 மணிக்கே கிளம்பி 10 மணிக்குள் முடித்துவிட்டோம். தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று இருக்கக் கூடாது. அரை மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். வேர்வையில் உப்பும் போய்விடும் என்பதால் உப்புப் போட்ட நீர்மோர் கொண்டுபோனோம். ரொம்பவும் சோர்ந்தவர்களுக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம்.

7. புதுக்கோட்டையின் கதை

எங்கள் பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்தது புதுக்கோட்டை மாவட்டத்தில். நாங்கள் பயணம் போவதைக் கேட்டு, "நாங்க அன்னைக்கே செஞ்சோம்த்தா" என்றார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகள் நடத்தியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துப் படிப்போடு சைக்கிளும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பெண்களை ஊக்கப்படுத்தினார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் அந்த மாவட்டத்தில் சைக்கிள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே ஓட்டினார்களாம். அதில் ஒரு வசதி: பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம்! 1992 மகளிர் தினத்தன்று 1500 பெண்களுக்கு மேல் ஒன்றாகச் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள்.

பெரியம்மா சொன்னது: "ஒத்தையா ஓட்டுனா எல்லாரும் சிரிப்பாக. நாங்க ராத்திரியில கண்மாக்கரையிலதான் பழகுனோம். கூட்டமாப் போன அன்னைக்கு ஒருத்தரும் சிரிக்கல. மறுநாள்ல இருந்து ஒத்தையாப் போனாலும் சிரிக்கல."

இந்த வார்த்தையைத்தான் உங்கள் எல்லோருக்கும் சொல்ல நினைத்தேன். பணம் சேர்ப்பதற்கு மட்டும் என்றால் வீடு வீடாகப் போய் உண்டியல் குலுக்கினாலே போதும். பிறகு எதற்கு 42 கிலோமீட்டர்? பத்து பேர் வரிசையாகப் போவதை ரோட்டில் இருப்பவர்கள் பார்க்க வேண்டும். இரண்டாம் நாள் ஒரு டீக்கடையில் ஒரு தாத்தா, "ஏத்தா, பொட்டப்புள்ளைகளா வரிசையா எங்க போறீக?" என்று கேட்டார். டீச்சர் விளக்கிச் சொன்னார்கள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எம் பேத்தி எட்டாவதோட நின்னுட்டா. அவளுக்கும் ஓட்டப் பழக்குவீகளா?" என்றார். நோட்டில் இருந்த 38 பேரைவிட அந்தத் தாத்தாவின் கேள்விதான் பெரிய வரவு என்று டீச்சர் சொன்னார்கள். இப்போது அந்தப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் கண்மாய்க் கரையில் ஓட்டப் பழக்குகிறோம்.

8. அடுத்த பயணம்

அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் மறுபடியும் போகிறோம். இன்னும் இரண்டு பழைய சைக்கிள்கள் கிடைத்திருக்கின்றன. வர விரும்பும் மாணவிகள் வீட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு 9-ஆம் வகுப்பில் பெயர் கொடுக்கவும். ஓட்டத் தெரியாதவர்களும் கொடுக்கலாம், அதற்குள் பழக்கிவிடுவோம்! தம்பிமார்கள் வீட்டில் சும்மா கிடக்கும் சைக்கிளைக் கொடுத்து உதவலாம். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று இப்போதே யோசித்து வைக்கவும். நோட்டு எடுத்துக்கொண்டு வருவோம்.